நுரைச்சோலை வீடு: வைத்திருப்பதா, விற்பதா?

விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, எதனை எழுதுவதென்று பல நாள் எண்ணினோம். துடுப்பாட்ட வெற்றிகளை எழுதவல்லார் பலர் உளர். ஆசிரியப் பெருந்தகைகளின் அருங்குணங்களை எடுத்துரைக்கவல்லாரும் உளர். எமக்கு அவ்வாற்றல் இல்லை. ஆயின், கல்லூரியிற் கற்ற கணக்கொன்று அறுபது ஆண்டு கழிந்தபின் எம்மைத் தேடி வந்து விடை கேட்ட கதை ஒன்று உண்டு. அதனையே இங்கு எழுதத் துணிந்தோம்.

எட்டாம் வகுப்பிலே எமக்கு எண்கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருநாள் கரும்பலகையில் இவ்வாறு எழுதினார்: "ஒருவன் 10,000 ரூபாய்க்கு ஒரு வீடு வாங்கி, மாதம் 60 ரூபாய் வாடகைக்கு விட்டான். வரியும் பழுதுபார்த்தலும் ஆண்டுக்கு 120 ரூபாய். அவன் முதலுக்குக் கிடைக்கும் வட்டி வீதம் யாது?" நூற்றுக்கு ஆறு என்று முதலில் விடை கூறியவர் யாமே. ஆசிரியர் பாராட்டினார். அக்கணக்கில் வீட்டிற் குடியிருந்தவன் யார் என்ற செய்தி இல்லை. அதனைக் கேட்க வேண்டுமென்று எமக்கும் அன்று தோன்றவில்லை.

அரசாங்க இலிகிதர் சேவையிற் சேர்ந்த யாம் 1978 இல் புத்தளத்துக்கு மாற்றம் பெற்றுச் சென்றோம். அங்கிருந்து பாலாவிச் சந்தியிலே திரும்பிக் கற்பிட்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நுரைச்சோலை என்னும் ஊர் உள்ளது. அம்பாறை மாவட்டத்திலும் இதே பெயருடைய ஓரிடம் உண்டு. யாம் கூறுவது மேற்குக் கரையிலுள்ள ஊரை. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளக் களப்பு, இடையிலே மணற்றரை. தென்னந்தோப்புகளும் வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களும் அவ்வூரின் செல்வம். நுரையையும் சோலையையும் ஒருங்கே கொண்ட அப்பெயருக்காகவே அவ்வூரை விரும்பினோம் என்றாற் பொய்யாகாது. 1982 இல் நெடுஞ்சாலையை அடுத்து 40 பேர்ச் காணி, அதாவது கால் ஏக்கர், விலைக்கு வந்தது. இல்லாளின் காப்பு இரண்டை ஈடு வைத்து அதனை வாங்கினோம். முட்கம்பி வேலி அடைத்து, படலைக்குப் பூட்டும் போட்டோம்.

இனி எழுதப்போவதை எழுதாது விடுவது எமக்கு எளிது. ஆயினும், அதனை விட்டால் இக்கட்டுரைக்குப் பொருளில்லை.

1990 ஒக்ரோபர் மாத இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரிலே ஒக்ரோபர் 30 ஆம் நாள் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு வீடிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கே. நவம்பர் மாதத்து மழையில் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தென்னந்தோப்புகளிலும் அவர்கள் தங்கியிருந்ததை யாம் கண்ணாரக் கண்டோம். எம் ஊரவரின் பேச்சு வழக்கிலேயே அவர்கள் பேசினர். எம் ஊரின் தெருக்களைப் பெயர் சொல்லி அழுதனர்.

ஒருநாள் மாலை மூன்று குடும்பத்தவர் எம்மிடம் வந்து, நுரைச்சோலைக் காணியிலே கிடுகுக் கொட்டில் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டனர். யாம் கொடுக்கவில்லை. கந்தோரிலே ஒருவர், "பத்து ஆண்டு இருந்துவிட்டாற் காணி அவர்களுக்கே சொந்தமாகிவிடும்" என்று எச்சரித்திருந்தார். அச்சொல்லுக்கு அஞ்சினோம். காணி பூட்டியபடியே கிடந்தது. அதில் ஆடும் மேயவில்லை.

ஐந்து ஆண்டு கழித்து, 1995 இல், அதே ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவில், போரின் காரணமாக வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தனர். செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு மழையில் நடந்த அக்கூட்டத்தில் எம் தமக்கையாரும் இருந்தார். சாவகச்சேரியில் முன்பின் அறியாத ஒருவர் தம் மாட்டுக்கொட்டிலைக் கழுவி அவருக்கு இடங்கொடுத்தார். அச்செய்தியைக் கடிதத்திற் படித்த அன்று, எமது பூட்டிய படலை எம் நினைவில் வந்து நின்றது. அன்று முதல் அது நீங்கவில்லை.

2006 இல் நுரைச்சோலையில் நிலக்கரி மின்னிலையத்தின் கட்டுமானம் தொடங்கியது. சீன நாட்டுக் கடனுதவியுடன் சீன நிறுவனமொன்று கட்டிய இந்நிலையம் லக்விஜய என்னும் பெயருடையது. முதற்பிரிவு 2011 இலும் மற்றைய இரண்டும் 2014 அளவிலும் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று. மூன்றுஞ் சேர்ந்து 900. தென்மேற்குப் பருவக்காற்று வீசுங் காலத்தில் அக்கடலிலே கரி இறக்க இயலாதாகையால், ஒக்ரோபர் முதல் ஏப்பிரில் வரையுள்ள அமைதிக் காலத்திலேயே ஆண்டுக்குரிய கரி முழுதும் கப்பல்களில் வந்து இறங்கும். மின்னிலையம் எழுந்த காலத்திலே ஊரிற் காலியாக ஓர் அறைதானும் அகப்படாது. மாட்டுக்கொட்டிலைச் சுவர் வைத்து வாடகைக்கு விட்டவரும் உளர்.

யாம் 2007 இல் ஓய்வு பெற்றோம். பணிக்கொடைப் பணத்துடன் கையிருப்பையுஞ் சேர்த்து 18 இலட்சம் ரூபாய் செலவில் மூன்று அறை, விறாந்தை, குசினி, குளியலறை கொண்ட ஒரு வீட்டைக் காணியின் பின்பகுதியிலே கட்டினோம். எமது வாழ்நாளில் வாடகைக்கென்று கட்டிய முதல் வீடும் கடைசி வீடும் அதுவே. கட்டுமானத்துக்கு வந்த தொழில்நுட்பவியலாளர் மாதம் 12,000 ரூபாய்க்குக் குடியேறினர். பின்னர் அது 20,000 ஆயிற்று. 2014 இற் கட்டுமானம் முடிந்தது, அவர்களும் போயினர். வீடு ஏழு மாதம் வெறுமையாகக் கிடந்தது. ஒரே தொழிலை நம்பி வாடகைக்குக் கட்டுபவர், அத்தொழில் கட்டப்படுங் காலமும் நடக்குங் காலமும் வேறென்பதை அறிந்து கட்டுதல் வேண்டும். நூறு பேர் கட்டியதைச் சிலர் இருந்து நடத்துவர். அச்சிலருக்கும் விடுதிகள் உண்டு.

2015 இல் முதியவர் ஒருவர் வந்து வீட்டைக் கேட்டார். மனைவியும், ஆசிரியப்பணி புரியும் மகளும், குத்தகை நிலத்தில் வெங்காயஞ் செய்யும் மகனும் அவர் குடும்பத்தவர். ஊரவர் அழைப்பதுபோல் யாமும் அவரை நானா என்றே அழைக்கலானோம். பிறந்த இடம் எதுவென்று வினவியபொழுது, யாழ்ப்பாணம் என்றார். 1990 இல் எம்மிடம் வந்தவர் அவரல்லர். அவ்வாறு எண்ணிக் கதை புனைதல் வேண்டா. ஆயினும் அவரும் அம்மழையில் வந்தவரே. வாடகையை மாதம் 10,000 என்று வைத்தோம். இன்று அது 18,000. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்த போகத்திலே வெங்காயம் பொய்த்து, நான்கு மாத வாடகை நின்றது. அடுத்த ஆண்டு அதனைச் சதமும் குறையாமற் கொண்டுவந்து தந்தார்.

இப்பொழுது கணக்குக்கு வருவோம்.

சென்ற ஆண்டு வீட்டின் முன்விறாந்தைத் தூண்களிலும் மேற்றட்டின் விளிம்பிலும் வெடிப்புக் கண்டது. கொங்கிறீற்றுத் துண்டுகள் கழன்று விழுந்தன. மேசனார் ஒருவர் தட்டிப் பார்த்து, உள்ளே கம்பி துருவேறிவிட்டது என்றார். அன்று கட்டியவர் ஆற்று மணலுடன் கடற்கரை மணலையுங் கலந்திருக்கிறார். மணலிலுள்ள உப்பு இரும்பைத் துருவாக்கும்; துரு இரும்பைவிடப் பருமனிற் பெரிதாகையால் சுற்றியுள்ள கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கும். வெளியே பூசி மறைத்தாற் பயனில்லை. உடைத்துக் கம்பியைத் துலக்கி அல்லது மாற்றிக் கட்டல் வேண்டும். அதற்குச் செலவு 7½ இலட்சம் என்றார்.

அவ்வேளையில் ஒருவர் காணியையும் வீட்டையும் 95 இலட்சத்துக்குக் கேட்டு வந்தார். கற்பிட்டிக் கடலிலே காற்றாடிப் பலகை ஓட்டவும் ஓங்கில் காணவும் வெளிநாட்டார் வருகின்றனர். அவர்களுக்கு நெடுஞ்சாலையோரம் விடுதியொன்று கட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். வீட்டை அவர் உள்ளே சென்று பார்க்கவுமில்லை. இடிக்கப் போகிற வீட்டில் எத்தனை அறை இருந்தால் என்ன?

ஆண்டு வாடகை 2,16,000 ரூபாய். சிறு பழுதுகளுக்கு 36,000 கழித்தால் மிகுதி 1,80,000. 95 இலட்சத்துக்கு இது நூற்றுக்கு இரண்டுக்குங் குறைவு. பழுதுபார்த்தற் செலவோ நான்கு ஆண்டுக்கு மேற்பட்ட வாடகை மிகுதியை விழுங்கும். வங்கி நூற்றுக்கு எட்டு வட்டி தருகிறதென்று வைத்துக்கொண்டால், விற்றலே அறிவு. ரொறன்ரோவிலுள்ள மகனும் அதனையே கூறினார். எமக்கோ அகவை எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது. வெள்ளவத்தையில் மகளுடன் இருக்கும் யாம் நுரைச்சோலைக்குப் போய்வருவதே ஒரு பெருமுயற்சி.

மருமகன் வேறொரு காரணமுங் காட்டினார்: "பத்து ஆண்டாகிறது மாமா. இனி வீடு அவருக்கே போய்விடும்." முப்பத்தைந்து ஆண்டு முன் கந்தோரிற் கேட்ட அதே சொல்! இம்முறை யாம் அஞ்சவில்லை; நொத்தாரிசு ஒருவரை நேரிற் கண்டு கேட்டோம். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்து ஆண்டு என்று கூறுவது உண்மை. ஆயின், அப்பத்து ஆண்டும் உரிமையாளரின் உரிமைக்கு எதிராக, இடையீடின்றி அனுபவித்த ஆட்சியாதல் வேண்டும். உரிமையாளரின் அனுமதியுடன், வாடகை கொடுத்துக்கொண்டு இருப்பவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் அதனால் மட்டும் உரிமை பெறார். இதனைக் கேட்டுத் திரும்பும் வழியில் எமக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. 1990 இல் ஒரு துண்டு எழுத்து வாங்கிக்கொண்டு அம்மூன்று குடும்பத்தையும் இருக்கவிட்டிருக்கலாம் அன்றோ? அரைகுறையாகக் கேட்ட சட்டம், கேளாத சட்டத்தினுங் கொடிது.

விற்றலுக்கு எதிரான கணக்கும் ஒன்று உண்டு. 2021 இன் தொடக்கத்தில் இதே காணியை 60 இலட்சத்துக்குக் கேட்டவர் இருந்தார். அன்று டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாய்; 60 இலட்சம் என்பது 30,000 டொலர். விற்று வங்கியில் இட்டிருந்தால் என்னாயிருக்கும்? 2022 ஏப்பிரில் 12 ஆம் நாள் நாடு தன் வெளிக்கடனைத் திருப்பிச் செலுத்தலை நிறுத்தியது. டொலர் 360 ரூபாயாயிற்று. அவ்வாண்டு செப்ரெம்பரில் விலைவாசி முந்திய ஆண்டினும் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது உயர்ந்திருந்தது. எமது 60 இலட்சம் 17,000 டொலருக்குங் கீழே இறங்கியிருக்கும். இன்று கேட்கப்படும் 95 இலட்சமோ, 2025 இல் நிலவிய 300 ரூபாய்க் கணக்கின்படி, 32,000 டொலருக்குச் சற்றுக் குறைவு. வீடு வளர்ந்தது என்று மகிழ்ந்தோம். உண்மையில் வீடு நின்ற இடத்திலேயே நின்றது. பணமே தேய்ந்தது. ஆகவே வட்டி வீதத்தை மட்டும் பார்த்து விற்பவர், அவ்வட்டி எந்த நாணயத்தில், எந்த நாட்டு நிலைமையில் வருகிறது என்பதையும் பார்த்தல் நன்று.

இவ்விரு கணக்குகளுக்கு நடுவே யாம் நானாவிடம் போனோம். விறாந்தையில் இருந்து தேநீர் அருந்தியபின் செய்தியைச் சொன்னோம். அவர் சற்று நேரம் முற்றத்து எலுமிச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் நட்டது. பின்னர் மெல்லக் கூறினார்:

"விக்கிறதெண்டால் வித்துப்போடுங்கோ ஐயா. உங்கட வீடு. ஒரு மாதம் முன்னுக்கு மட்டும் சொல்லுங்கோ. முந்தி எங்களுக்கு இரண்டு மணித்தியாலந்தான் தந்தவை."

அதில் குறையும் இல்லை, குத்தலும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார், அவ்வளவே. வழியெல்லாம் எம் இல்லாள் பேசவில்லை. பாலாவிச் சந்தி கடந்தபின், "அண்டைக்குக் காணியைப் பூட்டினனாங்கள். இண்டைக்கு வீட்டையும் பூட்டப் போறமோ?" என்றார்.

உணர்ச்சியால் மட்டும் வீட்டைக் காக்க இயலாது. இடிந்து விழும் தூணின் கீழ் ஒரு குடும்பத்தை இருத்துவது அறமாகாது. அதனைத் திருத்தப் பணம் வேண்டும். அப்பணம் எங்கிருந்து வரும்? இக்கேள்விக்கு விடை அந்த வாங்குபவரின் நடத்தையிலேயே இருந்தது. அவர் வீட்டைப் பார்க்கவில்லை என்றோம் அன்றோ? அவருக்கு வேண்டியது சாலை முகப்பே. எமக்கு வேண்டியது பின்னுள்ள வீடே. ஆகவே காணியை இரண்டாக்கினால் என்ன என்று கேட்டோம். முன் 20 பேர்ச்சுக்கு 50 இலட்சம் தர அவர் இசைந்தார்.

பிரிக்கும்பொழுது கிணறே பெருஞ்சிக்கலாயிற்று. எம் யாழ்ப்பாணத்து உறுதிகளில், கிணற்றிற் பங்கு இன்னது, வழி வாய்க்கால் இன்னது என்று எழுதாத உறுதி அரிது. அவ்வறிவு எமக்குக் கைகொடுத்தது. நுரைச்சோலையின் மணலிலே நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. அதன் மறுதலையும் உண்மை: மேலே சிறிது இறைத்துத் தாழ்த்தினால், கீழிருந்து உவர் பன்மடங்கு ஏறும். ஆகையால் நிலஅளவையாளரைக் கொண்டு எல்லைக் கோட்டைச் சற்று வளைத்துக் கிணற்றை வீட்டுப் பக்கத்தில் வைத்தோம். பத்தடி வழியும் விட்டோம். விடுதிக்காரர் தம் நிலத்திலே குழாய்க்கிணறு இட்டு மிகுதியாக இறைத்தால் எமது கிணறு உவராகலாம். அதனைத் தடுக்க எம்மிடம் வழியில்லை. குறைவாக இறைக்குமாறு கேட்டிருக்கிறோம். இக்கவலை நீங்கவில்லை.

முடிவான கணக்கு இது. முழுவதையும் விற்றிருந்தால், மூலதன ஆதாய வரியும் பிற செலவுங் கழித்து எமக்கு 87 இலட்சம் வந்திருக்கும். அதற்கு எட்டு வீத வட்டி ஆண்டுக்கு 6,96,000. பாதியை விற்றதில், வரிக்கும் நிலஅளவைக்கும் எழுத்துக்கும் 5 இலட்சமும் பழுதுபார்க்க 7½ இலட்சமும் போக, கையில் நின்றது 37½ இலட்சம். அதற்கு வட்டி 3,00,000. வாடகை மிகுதி 1,80,000. ஆக 4,80,000. குறைவு ஆண்டுக்கு 2,16,000, மாதத்துக்கு 18,000. நானா தரும் வாடகையும் அதே 18,000! வீடும் 20 பேர்ச் நிலமும் எம்மிடம் எஞ்சியுள்ளன என்பது உண்மை. ஆயினும் மாதந்தோறும் கைக்கு வருவதை மட்டும் எண்ணினால், அவர் எமக்குத் தரும் அளவையே யாம் இம்முடிவுக்குக் கொடுக்கிறோம். இதனைத் தருமம் என்று கூறோம். பழைய கடனொன்றின் தவணை என்பதே பொருந்தும். கடன் கொடுத்தவர் வேறு, பெறுபவர் வேறு.

வாய்ச்சொல்லால் விட்டுவைக்கவுமில்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டாலன்றிச் செல்லாது. ஆகவே ஐந்து ஆண்டுக் குத்தகையை நொத்தாரிசு முன் எழுதி, காணிப் பதிவகத்திலும் பதிந்தோம். இடையில் யாம் காலமானாலும் எம் மக்கள் அவரை எழுப்ப இயலாது. பின்னர் வீட்டை விற்பதாயின் முதலில் நானாவின் மகளிடமே கேட்க வேண்டும் என்றும் எழுதினோம். மகன் ரொறன்ரோவிலிருந்து, "அப்பா, கணக்குப் பிழை" என்றார். "கணக்குச் சரி, தம்பி, கேள்வி வேறு" என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, மேசன் வேலைக்கு ஒரு பங்கு அனுப்பினார்.

இம்மலரைப் படிக்கும் இளைய பழைய மாணவருள் முதல் வாடகை வீட்டை வைத்திருப்பதா விற்பதா என்று எண்ணுவோர் பலர் இருப்பர். அவர்களுக்கு யாம் கூறத்தக்கது சிலவே. விலை நிலத்துக்கா வீட்டுக்கா என்று முதலிற் பிரித்துப் பாருங்கள். பெருமூச்சு விடுமுன் தூணைத் தட்டிப் பாருங்கள். 2017 செப்ரெம்பர் 30 இற்கு முன் வாங்கிய சொத்தாயின், ஆதாய வரி அந்நாளின் சந்தை விலையிலிருந்தே கணிக்கப்படும். அவ்விலையை மதிப்பீட்டாளரைக் கொண்டு எழுதி வையுங்கள். சட்டத்தைத் தெருவிற் கேளாமல் சட்டம் அறிந்தாரிடங் கேளுங்கள். முழுதும் விற்றல், முழுதும் வைத்தல் என்னும் இரண்டுக்கும் நடுவே வேறு வழிகளும் உண்டு. இவை எல்லாம் ஆனபின், வீட்டிற் குடியிருப்பவர் யார் என்பதையும் ஒருகால் எண்ணுங்கள்.

எண்கணித ஆசிரியர் இன்று இல்லை. இருந்திருந்தால், எமது இவ்விடைக்கு எத்தனை புள்ளி இட்டிருப்பாரோ அறியோம். முறை சரி, விடை குறைவு என்று எழுதியிருக்கவும் கூடும். தூண்கள் இப்பொழுது உறுதியாக நிற்கின்றன. எலுமிச்சை காய்க்கிறது, போனமுறை சென்றபொழுது ஒரு பை நிறையத் தந்தார் நானா. படலையில் இருந்த பழைய பூட்டு துருப்பிடித்துத் திறவாது போயிற்று. அதனை வெட்டி எடுத்துவிட்டோம், புதிது போடவில்லை.